இவை என் எழுத்து

கன்டென்ட் ரைட்டர் ஒருவர் வேலையை விட்டு வெளியே வரும்போது கையில் இரண்டு தாள்கள் இருக்கும்: ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், நன்னடத்தை பற்றி ஒரு வரி. அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அவர் என்ன எழுதினார் என்று எந்தத் தாளும் சொல்லாது. நாளுக்கு 2,000 சொல் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 250 வேலை நாளில் 5 லட்சம் சொற்கள் ஆகின்றன. நாலைந்து பெரிய நாவல்களுக்கு ஈடான எழுத்து. அதில் ஒரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் பெயர் இருக்காது.

நானும் சில ஆண்டுகள் இப்படி எழுதிப் பிழைத்திருக்கிறேன். ஓட்டல் அறைகளைப் பற்றி, பிரஷர் குக்கரைப் பற்றி, முழங்கால் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளி செய்ய வேண்டியவை பற்றி. அந்த வேலை போன பிறகு சென்ற முதல் நேர்காணலில், எதிரே இருந்தவர் என் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு, "சாம்பிள் லிங்க் ஏதாவது குடுங்க" என்றார். மூன்று கொடுத்தேன். முதலாவது திறக்கவில்லை. இரண்டாவது அந்த நிறுவனத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போய் நின்றது. மூன்றாவது திறந்தது. நான் எழுதிய பத்திகளுக்கு மேலே நிறுவனத் தலைவரின் பெயரும் படமும் இருந்தன. "இது நீங்க எழுதினதுன்னு எப்படி எடுத்துக்கறது?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. எனக்குச் சொல்ல வழியில்லை.

அந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் துறையில் வேலை தேடுவோரிடம் ஆங்கிலம் போதவில்லை, திறமை போதவில்லை, காலத்துக்கேற்பக் கற்றுக்கொள்ளவில்லை என்று அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை முதன்மையான குறை வேறு. எழுதியதற்கான சான்று எழுதியவர் கையில் தங்குவதில்லை. பத்து ஆண்டு வேலை பார்த்தவரும் அடுத்த கதவைத் தட்டும்போது முதல் நாள் வந்தவரைப் போலவே நிற்கிறார்.

கூலிக்கு எழுதுவது தமிழில் புதிய தொழில் அன்று. கோயிலுக்கு நிலம் கொடுத்த கல்வெட்டாகட்டும், செப்பேடாகட்டும், ஆவணம் முடியும் இடத்தில் கையெழுத்துகள் வரிசையாக வரும். ஊர்க்கணக்கன் தன் பெயரைச் சொல்லி, 'இவை என் எழுத்து' என்று முடிப்பான். நிலம் அவனுடையதன்று, தானம் அவனுடையதன்று, வாசகம்கூடப் பெரும்பாலும் வழக்கமான வாய்பாடு. எழுத்து மட்டும் அவனுடையது. அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பான். ஏடு பெயர்த்து எழுதியவர்களும் கடைசி ஓலையில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதி முடித்தது என்று குறித்துவைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தச்சன் யார் என்று ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் சொல்கிறோம். வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் அங்கே கல்லில் இருப்பதுதான் காரணம்.

இந்த வழக்கம் அறுந்துவிடவும் இல்லை. இன்றும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தர் கிரயப் பத்திரத்தின் கடைசியில் தன் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுக் கையெழுத்திடுகிறார். வீட்டை விற்பவரும் வாங்குபவரும் வேறு ஆட்கள். பத்திரத்தின் வாசகம் நூறு பத்திரங்களில் வந்த அதே வாசகம். என்றாலும் அவர் பெயர் அங்கே உண்டு. பத்திரத்தில் பிழை வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காகவும் அந்தப் பெயர் தேவைப்படுகிறது. இதே போல, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஏப்ரலில், வடபடைத் தளபதி ஜோசப் ஹூக்கர் போர்முனை நிருபர்கள் தங்கள் செய்திகளில் பெயர் போட்டே ஆகவேண்டும் என்று ஆணையிட்டார். படை ரகசியம் கசிந்தால் ஆளைக் கண்டுபிடிக்கத்தான். செய்தியாளரின் பைலைன் பரவியதற்கு அந்த ஆணையும் ஒரு காரணம் என்பார்கள். பழி சுமத்தப் போட்ட பெயர் பிறகு புகழ் சேர்க்கும் பெயராயிற்று. இரண்டும் ஒரே பெயரில்தான் இருக்கின்றன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கன்டென்ட் ரைட்டருக்குப் பழி மட்டும் வந்து சேர்கிறது. தவறு வந்தால் அலுவலகத்துக்குள் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயரில்லாத இந்த எழுத்து எப்படி இவ்வளவு பெரிய தொழிலாயிற்று? 1998 இல் கூகுள் தொடங்கியது. 2003 இல் ஆட்சென்ஸ் வந்தபோது, யாருடைய பக்கத்தில் வேண்டுமானாலும் விளம்பரம் வைத்துச் சில்லறை பார்க்கலாம் என்ற நிலை உருவானது. விளம்பரம் உட்காரப் பக்கம் வேண்டும், பக்கத்தை நிரப்ப எழுத்து வேண்டும். அமெரிக்காவில் டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் இதை ஆலைத் தொழிலாகவே நடத்தியது. மக்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தத் தேடலுக்கு விளம்பரதாரர் எவ்வளவு கொடுப்பார் என்று கணினி நிரல் கணக்குப் போட்டுத் தலைப்பைத் தரும். ஒரு கட்டுரைக்கு ஏறத்தாழ 15 டாலர். எழுதியவர் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார். 2011 ஜனவரியில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது. அடுத்த மாதமே கூகுள் 'பாண்டா' என்ற மாற்றத்தைத் தன் தேடல் முறையில் செய்தது. அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 12 சதவீதம் பாதிக்கப்பட்டதாகக் கூகுளே சொன்னது. ஆலை எழுத்து கீழே தள்ளப்பட்டது. எங்கோ கலிபோர்னியாவில் எடுத்த முடிவால் வேறெங்கோ உட்கார்ந்திருந்தவர்களின் மாத வருமானம் போயிற்று. இந்தத் தொழிலில் இது மீண்டும் மீண்டும் நடக்கிறது. 2022 ஆகஸ்டில், 2024 மார்ச்சில் என்று ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் பக்கங்கள் விழுகின்றன, பக்கங்களோடு வேலைகளும் விழுகின்றன.

இந்தத் தொழில் சென்னைக்கு வந்து சேர்ந்த பாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் அச்சுக்கோப்பு, மெய்ப்பு, பிரதித் திருத்தம் ஆகிய வேலைகள் ஏற்கெனவே சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்திருந்தன. உலகின் பெரிய ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளின் நிறுத்தற்குறியை இங்கே இருப்பவர்கள் சரிபார்த்துக் கொடுத்தார்கள். பி.ஏ., எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஆசிரியர் வேலைக்கு வெளியே ஒரு வாசல் அப்போது திறந்தது. இணைய எழுத்து வந்தபோது அதே ஆட்கள், அதே வகைக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள், அங்கே போனார்கள். கூடவே பொறியியல் படித்துவிட்டுக் கோடிங் பிடிக்காதவர்கள், மூடப்பட்ட பத்திரிகைகளிலிருந்து வந்த உதவி ஆசிரியர்கள், கால் சென்டரில் தொண்டை கட்டியவர்கள், குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை தேடிய பெண்கள். ரெஸ்யூமேயில் 'கேப்' இருந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட துறை இது. அந்த நன்றி எனக்கு உண்டு. சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில் தொடங்கி, பிறகு மாதச் சம்பளம், சீனியர், எடிட்டர், கன்டென்ட் லீட் என்று ஏணி நீண்டது. ஏறியவர்களும் உண்டு. அவர்கள் ஏறியதற்குச் சாட்சி உள்ளேயிருந்த மேலாளர்தான். மேலாளர் போய்விட்டால் சாட்சியும் போய்விடும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் 2641 என்று ஓர் எண் இருக்கிறது: எழுத்தாளர்களும் அவர்களைச் சார்ந்தோரும். கவிஞர், நாவலாசிரியர், தொழில்நுட்பக் கையேடு எழுதுபவர் எல்லோரும் அந்த ஒரே எண்ணுக்குள் வருகிறார்கள். வகைப்படுத்தியவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்திருக்க வேண்டும். ஆனால் கவிஞரின் பெயர் அட்டையில் இருக்கிறது. கையேட்டில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1957 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, வேலையின் பகுதியாக ஒருவர் எழுதியதற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியதன் உரிமை முதலாளியிடம் போவதில் எனக்கு வழக்கில்லை. அதே சட்டத்தில் 57 ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், 'இதை ஆக்கியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடாக அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் ஆக்கியவரிடமே இருக்கின்றன என்பது அந்தப் பிரிவு. மன்னு பண்டாரி தன் நாவலைத் திரைப்படமாக்கிய விதத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, 1986 இல் டில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை எழுத்தாளருக்கு ஆதரவாக விரித்துப் பொருள் சொன்னது. டில்லி விஞ்ஞான் பவனிலிருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்து எடுத்துச் சிதைத்ததற்காக அமர்நாத் சேகல் போட்ட வழக்கில் 2005 இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வாங்கியவர் அரசாங்கமே ஆனாலும் ஆக்கியவனின் உறவு அறுவதில்லை என்பது அதன் சாரம்.

அப்படியென்றால் குக்கர் விளக்கம் எழுதியவருக்கும் இந்த உரிமை உண்டா? சட்டம் நாவலையும் குக்கர் விளக்கத்தையும் பெயர் சொல்லிப் பிரிக்கவில்லை. ஆனால் வேலையில் சேரும் அன்று நீட்டப்படும் ஒப்பந்தத்தில் என்டிஏ என்ற ரகசியக் காப்புப் பகுதி இருக்கும். அதற்குள்ளேயே, எழுதியவர் என்று உரிமை கோரமாட்டேன் என்ற வரியும் பல நேரம் இருக்கும். பெயர் போடப்படும் உரிமையை ஒருவர் தானாக முன்வந்து விட்டுக்கொடுக்கலாம், அது பொதுநலனுக்கு விரோதம் அன்று என்று டில்லி உயர் நீதிமன்றம் 2015 இல் ஒரு திரைப்பட வழக்கில் சொல்லியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் முதல் வேலையில் சேரும் ஒருவர், எச்ஆர் காட்டும் இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவது தானாக முன்வருவதா என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட அந்த ஒரு தாளில்தான் அவர் பெயர் இருக்கிறது. அந்தத் தாள்தான் மற்ற எல்லாத் தாள்களிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிடுகிறது.

பத்திரிகையாளர்களின் நிலை இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. 1955 இல் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தொடர்ந்து நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நீக்குவதாக இருந்தால் ஆசிரியருக்கு ஆறு மாதமும் மற்றவர்களுக்கு மூன்று மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அது வகுத்தது. மெய்ப்புத் திருத்துபவரையும் சேர்த்துப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. நடைமுறையில் எவ்வளவு மீறினாலும், நீதிமன்றத்துக்குப் போக ஒரு படி இருந்தது. 2020 இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரையறையை மின்னணு ஊடகம், டிஜிட்டல் ஊடகம் வரை நீட்டியது. பிரஷர் குக்கர் விற்கும் தளத்துக்கு எழுதுபவர் அதற்குள் வருவாரா என்றால், அவர் பத்திரிகையாளர் அல்லர், வரமாட்டார். அதே ஆண்டு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அட்டவணையில் செயலிவழி வேலை தரும் தொழில்களின் பட்டியல் இருக்கிறது: வாடகை வண்டி, உணவு விநியோகம் என்று போய், எட்டாவதாக 'உள்ளடக்க, ஊடகச் சேவைகள்' என்று வருகிறது. அந்த வரியைக் கண்டபோது, நம்மை யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அதிலும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு நிறுவனம் தரவேண்டிய பங்கு பற்றித்தான் பேச்சு. எழுதியதற்குச் சான்று பற்றி யாரும் பேசவில்லை.

இனி, பக்கங்கள் மறைவதைப் பற்றி. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பலர் தனிப்பட்ட துரதிர்ஷ்டமாக எண்ணுகிறார்கள்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் காணாமற்போய்விட்டன. அதாவது 2013 இல் எழுதத் தொடங்கிய ஒருவரின் தொடக்க கால வேலையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இன்று காட்ட முடியாதது. பெயர் போட்டு எழுதியவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2017 நவம்பர் 2 அன்று நியூயார்க்கின் டிஎன்ஏ இன்ஃபோ, கோத்தமிஸ்ட் ஆகிய செய்தித் தளங்களை அவற்றின் உரிமையாளர் மூடினார். நியூயார்க் அலுவலகப் பணியாளர்கள் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 115 பேருக்கு வேலை போயிற்று. அன்று மாலை தளத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உரிமையாளரின் கடிதம் மட்டுமே வந்தது. வேலை போன செய்தியைக் கேட்ட கையோடு, அடுத்த வேலைக்குக் காட்ட வைத்திருந்த கட்டுரைகளும் கண்முன் இல்லாமற்போயின. பிறகு அந்தக் காப்பகம் திரும்ப வந்தது. 2023 இல் சிநெட் தளம், கூகுள் தேடலில் மேலே வருவதற்காகத் தன் பழைய கட்டுரைகளில் ஆயிரக்கணக்கானவற்றை நீக்கியது. தோட்டக்காரர் கவாத்து செய்வது போன்ற வேலை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2024 ஜூனில் எம்டிவி நியூஸ் தளமும் அதன் இருபதாண்டுக்கும் மேற்பட்ட எழுத்தும் இறக்கப்பட்டன. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் சேர்த்துவரும் பிரதிகளில் ஒரு பகுதி கிடைக்கிறது. என் பழைய பக்கங்களில் இரண்டை நானும் அங்கேதான் கண்டெடுத்தேன். படங்கள் உடைந்து, எழுத்துரு மாறி இருந்தன. வரிகள் என்னுடையவை.

அச்சில் பெயரில்லாமல் எழுதியவர்கள் இவ்வளவு முற்றாக அழியவில்லை. 1904 நவம்பரில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதி, தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பதிலிருந்துதான் தொடங்கினார். பிறகு 'இந்தியா' இதழில் அவர் எழுதிய தலையங்கங்களும் குறிப்புகளும் பலவும் பெயரின்றி வந்தவை. பெ. தூரன் சுதேசமித்திரன் கோப்புகளில் உட்கார்ந்து 'பாரதி தமிழ்' தொகுத்தார். ரா. அ. பத்மநாபன், இளசை மணியன், சீனி. விசுவநாதன், ஆ. இரா. வேங்கடாசலபதி என்று தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் நடையை வைத்தும் தேதியை வைத்தும் புனைபெயரை வைத்தும் எது அவர் எழுத்து என்று நிறுவினார்கள். தாள் இருந்ததால் அந்த வேலை சாத்தியமாயிற்று. குக்கர் விளக்கத்தைப் பாரதியின் தலையங்கத்தோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் எழுதிய இருவருக்கும் மாதச் சம்பளம் ஒன்று இருந்தது, அலுவலகம் ஒன்று இருந்தது, பெயரில்லாத பத்தி இருந்தது. ஒருவரின் பத்தி கோப்பில் கிடந்தது, மற்றவரின் பத்தி சர்வர் வாடகை கட்டாத மாதத்தில் போய்விட்டது.

நுட்பம் இதற்கு இடங்கொடுக்காமலும் இல்லை. நிரல் எழுதுபவர்கள் 2005 இலிருந்து 'கிட்' என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். எந்த வரியை யார், எந்த நாளில் மாற்றினார் என்பது அதில் அழியாமல் பதிகிறது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் வரலாற்றுப் பக்கத்தில் திருத்தியவர் பெயர் நிற்கிறது. காசில்லாமல் தொண்டாக எழுதுபவருக்குக் கிடைக்கும் இந்தப் பதிவு, அதையே தொழிலாகச் செய்பவருக்குக் கிடைப்பதில்லை. அவரும் கணினியில்தான் எழுதினார். கூகுள் டாக்ஸில் ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிந்துதான் இருக்கிறது. கடைசி வேலை நாளின் மாலையில் அலுவலக மின்னஞ்சலை மூடுகிறார்கள். கதவு அடைபடும்போது வரைவுகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

இந்த நிலையில்தான் 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. அதன் பிறகு வேலை குறைந்ததா என்பதற்கு இப்போது ஓரளவு அளந்த சான்றுகள் இருக்கின்றன. சியாங் ஹுய், ஓரன் ரெஷஃப், லுவோஃபெங் ஜோ ஆகியோர் அப்வொர்க் தளத்தில் எழுத்து சார்ந்த தனிப்பணியாளர்களைப் பார்த்தார்கள். மாத வேலைகள் 2 சதவீதமும் மாத வருமானம் 5.2 சதவீதமும் குறைந்திருந்தன. டெமிர்சி, ஹன்னானே, ஜூ ஆகியோரின் ஆய்வில், இயந்திரம் எளிதில் செய்யத்தக்க எழுத்து, நிரல் வேலைகளுக்கான அழைப்புகள் எட்டு மாதத்துக்குள் 21 சதவீதம் குறைந்திருந்தன. முதல் ஆய்வில் என்னை நிறுத்திய வரி வேறு. நல்ல பெயரும் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தவர்களை அந்தப் பெயர் காப்பாற்றவில்லை. மேலே இருந்தவர்களே கூடுதலாக அடிபட்டதற்கான அறிகுறிகள் தெரிந்தன. தளத்தில் சேர்த்த நட்சத்திரங்கள்தான் அவர்களுடைய ஒரே போர்ட்ஃபோலியோ.

வேலை குறைந்ததோடு, சான்று கேட்கும் முறையும் மாறியது. முன்பு 'இதை எழுதியது நீங்களா?' என்று கேட்டார்கள். இப்போது 'இதை எழுதியது மனிதரா?' என்று கேட்கிறார்கள். டெஸ்ட் ஆர்ட்டிகிளோடு, இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவியின் மதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறார்கள். அந்தக் கருவிகள் எவ்வளவு நம்பத்தக்கவை? ஓப்பன்ஏஐ 2023 ஜனவரி இறுதியில் வெளியிட்ட கருவி, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளிடம் டோஃபல் தேர்வுக்காக எழுதப்பட்ட 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திர எழுத்து என்று கருவிகள் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அப்படி நேரவில்லை. எளிய சொல், திரும்பத் திரும்ப வரும் வாக்கிய அமைப்பு, இலக்கணப்பிழைக்குப் பயந்து எழுதும் ஒழுங்கு ஆகியவையே அவற்றைக் குற்றவாளியாக்கின.

விருதுநகரிலோ திருவண்ணாமலையிலோ தமிழ்வழியில் படித்து, ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து, பிழையில்லாத ஆங்கிலம் எழுதப் பத்து ஆண்டு பாடுபட்டவரை நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பிழையின்மைதான் அவர் தொழிலுக்கு முதலீடு. இப்போது அதுவே அவர்மேல் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. சிலர் வேண்டுமென்றே ஒரு தவறை விட்டுவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தன் எழுத்தைத் தானே காயப்படுத்தி உயிரோடிருப்பதாகக் காட்டும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரக்கூடாது.

இன்னொரு பக்கம், பெயருக்குத் தேவை கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் எழுதியவரின் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. பெயரில்லாத பக்கங்களுக்குப் பெயர் போட வேண்டிய அவசரம் தளங்களுக்கு வந்தது. 2023 நவம்பரில் ஃபியூச்சரிசம் இதழ், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் தளத்தின் பொருள் பரிந்துரைக் கட்டுரைகளில் இருந்த சில எழுத்தாளர்கள் உண்மையில் இல்லாத ஆட்கள் என்று வெளிப்படுத்தியது. படங்கள் இயந்திரம் உருவாக்கியவை. வாழ்க்கைக் குறிப்புகள் புனைந்தவை. கட்டுரைகளை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தந்ததாக விளக்கம் சொல்லி, பக்கங்களை நீக்கினார்கள். எழுதுபவர்களின் பெயரை மறைத்தே நடந்த தொழிலில் பெயர் தேவைப்பட்டபோது பொய்ப்பெயரைச் செய்து வைத்தார்கள் என்பது எனக்கு ஆறாத வலி. உண்மையான பெயருடையவர்கள் அவ்வளவு பேர் காத்திருந்தோம்.

திரைக்கதை எழுதுபவர்கள் இந்தப் பாடத்தை முன்பே கற்றவர்கள். அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம், யார் பெயர் திரையில் வரும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பைத் தன் கையில் வைத்திருக்கிறது. 2023 இல் மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவில், இயந்திரம் எழுதியதை மூலக்கதையாகக் கணக்கிடக் கூடாது என்ற விதியையும் ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. சம்பளத்துக்கு நிகராகப் பெயரை வைத்துப் பேரம் பேசியதன் விளைவு அது. நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 2018 இல் 'சர்கார்' படம் வெளிவரும் முன், தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் ஒருவர் 2007 இலேயே 'செங்கோல்' என்று பதிவு செய்து வைத்திருந்த கதையைப் பற்றி வழக்கு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு அவருக்குப் படத்தில் நன்றி தெரிவிக்கப்பட்டது. பதினோரு ஆண்டுக்கு முன் சங்க அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிய ஒரு தாள் அங்கே பேசியது. கன்டென்ட் ரைட்டருக்கு அப்படி முத்திரை குத்தித் தரும் மேசை எங்கும் இல்லை. தொழில்நுட்ப எழுத்தாளர்களுக்கு 1953 முதல் அமெரிக்காவில் இருந்துவந்த, இந்தியக் கிளையும் கொண்டிருந்த சங்கம்கூட 2025 ஜனவரியில் நிதியில்லாமல் மூடப்பட்டது.

சங்கம் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், வேலை தேடும் நண்பர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்று. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் ஒரு பத்தி கூட்டிக் கேளுங்கள்: எந்தத் துறையில், எந்த வகை எழுத்து, ஏறத்தாழ எத்தனை பக்கம், யார் சரிபார்த்தார். க்ளையன்ட் பெயர் வேண்டியதில்லை, ரகசியம் எதுவும் உடையாது. கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. எச்ஆரில் இருப்பவர்களுக்கு இதில் செலவில்லை, சட்டத் தடையும் நான் அறிந்தவரை இல்லை. பெரும்பாலோர் கேட்டதில்லை என்பதால்தான் கொடுத்ததில்லை. நியூயார்க் நகரில் 2017 மே முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட தனிப்பணிக்கு எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. என்ன வேலை என்பதையும் அதில் எழுதியாக வேண்டும். கூலி பாக்கியை வசூலிக்க வந்த சட்டம்தான். ஆனால் என்ன வேலை செய்தார் என்பதற்கு எழுதியவர் கையிலும் ஒரு பிரதி இருக்கச் செய்துவிட்டது.

அந்த நேர்காணலுக்குப் பிறகு, வீட்டில் பழைய பென் டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்தேன். முழங்கால் அறுவை சிகிச்சைக் கட்டுரையின் மூன்றாவது வரைவு அதில் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு நிறத்தில் எடிட்டரின் கேள்விகள், நீலத்தில் என் பதில்கள். 'நோயாளி எத்தனையாம் நாள் மாடிப்படி ஏறலாம்? மருத்துவரிடம் உறுதி செய்தீர்களா?' என்று ஒரு கேள்வி. 'செய்தேன். அவர் சொன்னபடி மாற்றியிருக்கிறேன்' என்று என் பதில், தேதியோடும் நேரத்தோடும். இரவு 9.40. அச்செடுத்து உறையில் போட்டு, அடுத்த நேர்காணலுக்குக் கொண்டுபோனேன். எதிரே இருந்த அம்மையார் கட்டுரையைப் படிக்கவில்லை. ஓரத்திலிருந்த கேள்வி பதில்களை மட்டும் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.